இரண்டு பக்கெட் ஆகாயத்தாமரை

சேலையூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் லாசரஸுக்கு வண்டியின் சத்தத்தைக் கேட்டே அதற்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடத் தெரியும். மனுஷர்களோடு, அதிலும் பெண்களோடு பேச வேண்டி வந்தால் மட்டும் வாயில் கொழுக்கட்டையை வைத்தவன்போல நிற்பான். இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது அவனுக்குத் தலை நரைத்திருந்தது. அதற்குமேல் அவனுக்கென்று யாரும் பெண் பார்க்கவில்லை, அவனும் வாய் திறந்து கேட்கவில்லை. ஐம்பதைத் தொடப்போகிற அந்த ஆள் இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கோழிக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்துகொண்டான். ஏரி வேலை இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொன்னான். நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும்.

ஏரி வேலை இருந்தது உண்மைதான். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போனால் வருகிற அந்தச் சின்ன ஏரியை ஆகாயத்தாமரை முழுசாக மூடியிருந்தது. பந்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி விளையாடலாம் போலப் பச்சையாகக் கிடந்தது. மெஷின் ஒன்று வந்து பார்த்தது, கரை தாங்காது என்று திரும்பிப் போய்விட்டது. நாவலூரில் ஐ.டி. வேலை பார்க்கும் ரூக்சார் அந்த ஏரிக்கரைத் தெருப் பெண். கையாலேயே எடுத்துவிடலாம் என்று வாட்ஸப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தாள். முதலில் சிரித்தவர்களில் பாதிப் பேர் அடுத்த வாரமே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றார்கள்.

இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவர்கள் பிடுங்குவார்கள். பிடுங்கிய கொத்து கைக்குக் கை மாறிக் கரைக்கு வரும். கரையில் அதைத் தலைகீழாக, வேர் வானத்தைப் பார்க்கும்படி பரப்ப வேண்டும். நிமிர்த்திப் போட்டால் ஒரு மழை போதும், கிடந்த இடத்திலேயே பிழைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் ரூக்சார் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, பேன்ட் மடிப்பு, கையுறை, பை எல்லாவற்றையும் உதறச் சொல்வாள். விரலளவு குட்டிச் செடி ஒன்று தண்ணீரில் விழுந்தால் போதும், ஒரே மாதத்தில் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும் என்பாள். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில்கூட அப்படிச் சோதனை கிடையாது.

கொத்து கைமாறுகிற வரிசையில் லாசரஸுக்கு முன்னால் நின்றவள் கிறிஸ்டினா. தாம்பரத்தில் ஒரு மருத்துவமனை லேபில் ரத்தம் எடுப்பவள். கணவர் இறந்து வெகு வருஷமாகிறது, ஒரே மகன் பெங்களூரில். அவளிடமிருந்து கொத்து இவன் கைக்கு வரும். தருவதற்கு முன் இவன்மேல் சேறு தெறிக்காமல் தண்ணீரை உதறிவிட்டுத் தருவாள். இவனும் அவள் மணிக்கட்டில் வேர் உரசாதபடி கையை அடியில் கொடுத்து வாங்குவான். காலையெல்லாம் அப்படி நூறு தடவை வாங்குவான். வேலை முடிந்ததும் அவள் அவளுடைய சர்ச்சுக்கும் இவன் இவனுடைய சர்ச்சுக்கும் போய்விடுவார்கள். இரண்டு பேருக்கும் சபை வேறு.

கிறிஸ்டினா எல்லோரையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள், தன்னைவிடச் சின்னவர்களைக்கூட. லாசரஸை மட்டும் "ஏங்க மெக்கானிக்" என்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்து யோசித்து ஒரு வாரம் இரண்டு வண்டிக்கு ஆயில் மாற்றாமலே டெலிவரி கொடுத்துவிட்டான்.

குரூப்பில் அவள் நம்பர் இருந்ததே, ஒரு மெசேஜ் போடக் கூடாதா என்று கேட்பீர்கள். போட்டான். 'குட் மார்னிங் மேடம்' என்று அடித்தான், பார்த்தான், அழித்தான். போனைக் கொண்டுபோய் ஸ்பேனர் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

ஒருநாள் அவள் கொத்தை நீட்டும்போது அதில் ஊதாப் பூ ஒன்று இருந்தது. "பாருங்களேன், எவ்ளோ அழகா இருக்கு. இதப் போயி புடுங்கிட்டு இருக்கோம்" என்றாள். அன்றைக்கு லாசரஸ் அந்தச் செடியை ரூக்சாரின் சோதனைக்குத் தப்பி ஹெல்மெட்டுக்குள் வைத்துக் கடத்தினான். ஷெட்டின் மொட்டைமாடியில் பாதியாக வெட்டிய டிரம்மில் தண்ணீர் ஊற்றி அதில் விட்டான். பூ இரண்டு நாளில் வாடிப்போயிற்று. செடி டிரம்மையே நிரப்பிக்கொண்டு நின்றது.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஏரியில் வானம் தெரிந்தது. மதகு ஓரம் ஒரே ஒரு மூலைதான் பாக்கி. "அடுத்த சண்டே லாஸ்ட். முடிச்சிட்டு எல்லாருக்கும் எங்க வீட்ல பிரியாணி" என்றாள் ரூக்சார். எல்லோரும் கை தட்டினார்கள். லாசரஸும் தட்டினான். ஏரி முடிந்தால் ஞாயிறு முடிந்தது. ஞாயிறு முடிந்தால் கிறிஸ்டினாவை எங்கே போய்ப் பார்ப்பான்? ரத்தம் கொடுக்கவா?

அந்த வாரம் முழுக்க அவன் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஷெட்டை மூடிவிட்டு, இரண்டு பெயின்ட் பக்கெட்டில் செடியை அடைத்து டி.வி.எஸ்.ஸில் மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போனான். இந்த வயசில் ஒரு மனுஷன் செய்கிற காரியமா இது? ஆனால் செய்யத்தான் கிளம்பினான்.

கரையில் இறங்கி நின்றான். வெளிச்சம் இன்னும் இருந்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது, அதில் எதிர்த்தெரு மாடிகள் தலைகீழாகத் தெரிந்தன. ஒரு நீர்க்காகம் முங்கி வேறெங்கோ எழுந்தது. இந்த இடத்தில் மார்ச்சில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. பக்கெட்டின் கைப்பிடியைப் பிடித்தான், விட்டான், மறுபடி பிடித்தான். கை வரவில்லை.

"ஏங்க மெக்கானிக்."

திரும்பினால் கிறிஸ்டினா. டூட்டி முடிந்து, லேப் கோட்டு மடித்த பையோடு நின்றாள்.

"நாளைக்கு எனக்கு டூட்டி போட்டுட்டாங்க. கடைசி நாளு வர முடியாது. அதான் ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." பக்கெட்டுகளைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "தனியாவா எடுத்தீங்க? இவ்ளோவா? யாருகிட்டயும் சொல்லவே இல்ல."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நாளைக்குக் குரூப்பில் அவன் படம்கூட வரும். அவளுடைய கண்ணில் இருந்த அந்தப் பெருமையை லாசரஸ் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்காக யாரும் அப்படிப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. பொய் சொல்லி அதை வாங்கிக்கொள்ள அவனுக்கு மனசு வரவில்லை.

"எடுக்கல மேடம்" என்றான். "போட வந்தேன்."

அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபோது முகம் மாறியது. பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் அவன் முன்னால் நீட்டினாள். கையுறைக்குள் ஊறி ஊறி விரலிடுக்கெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது.

"தெனம் தேங்காயெண்ணெ தடவிட்டுத்தான் தூங்கறேன். இந்தக் கையாலதான் பேஷன்ட்டுக்கு ஊசி போடறேன். நீங்க மறுபடி கொண்டாந்து போடுவீங்களா?"

"தப்புதான் மேடம்."

"எதுக்கு?"

லாசரஸ் தரையைப் பார்த்தான். இவ்வளவு கெட்டுப்போன பிறகு பயப்பட இனி ஒன்றும் மிச்சமில்லை.

"இது முட்ச்சிட்டா உங்கள எங்க பாக்கறதுன்னு தெரில. அதான் புத்தி பேஜாராய்ட்ச்சு. ஏரி கொஞ்சம் பாக்கி கீதுன்னா நீங்க வருவீங்க, நானும் பக்கத்துல நின்னுக்கினு இருப்பேன்னு..." பக்கெட்டுகளைத் தண்ணீரிலிருந்து தள்ளி வைத்தான். "மன்ச்சிருங்க. ஷெட்டு மாடில டிரம்ல வளத்ததயும் மொத்தமா காய வெச்சிடறேன். இனிமே வர மாட்டேன்."

கிறிஸ்டினா தண்ணீரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கெட்டுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"வாங்க. வேர மேல வெச்சிப் போடுங்க. ஒண்ணுகூட உருளக் கூடாது."

அவள் எடுத்து உதறி நீட்ட, அவன் அடியில் கைகொடுத்து வாங்கி, கரையின் மறுபக்கச் சரிவில் பரப்பினான். பக்கெட்டுகளைக் கவிழ்த்து, ஒட்டியிருந்த குட்டிகளை அவள் விரலால் வழித்து எடுத்தாள்.

முடிந்ததும் அவள் எழுந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். சொல்லலாமா வேண்டாமா என்று நிற்பது தெரிந்தது. அவளுக்கும் பயம் இருக்கும் என்பது லாசரஸுக்கு அப்போதுதான் தோன்றியது.

"திங்கக்கிழம எனக்கு லீவு" என்றாள்.

அவன் சட்டென்று, "எந்த ஏரி மேடம்?" என்றான்.

கிறிஸ்டினா சிரித்தாள், கண்ணில் தண்ணீர் நிற்கும்வரை சிரித்தாள். "எந்த ஏரியும் இல்ல. எங்க வீடு. நாலு மணிக்கு டீ போடுவேன். சும்மா வாங்க, பக்கெட் இல்லாம."