மலைக்காவல்காரியின் முகம்

அந்த மாயக்கதை நாவலை அக்கா உரக்கப் படிக்க, பக்கத்தில் படுத்துக் கேட்டவள் நான். அதில் வரும் மலைக்காவல்காரிக்கு அன்றிலிருந்து என் மனதில் அக்காவின் முகம்தான். அக்கா இறந்த பிறகு அவளைப் பார்க்க வேண்டும்போல் இருந்தால் நாவலைத்தான் எடுப்பேன்.

அது படமாக வந்ததும் கணவர் என்னைக் கேட்காமலே டிக்கெட் எடுத்துவிட்டார். வரிசையின் நடுவில், அவருக்கும் நாத்தனாருக்கும் இடையில் மாட்டிக்கொண்டேன். திரையில் மலைக்காவல்காரி வரும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"அண்ணே, அண்ணி தூங்கியாச்சு," என்று நாத்தனார் சிரித்தாள்.

கணவர் என் பக்கம் குனிந்தார். "உனக்குப் பிடிச்ச கதைன்னுதானே ஆசையா கூட்டிட்டு வந்தேன்?"

"தலைவலிங்க. வெளிய போகட்டுமா?"

"இத்தனை பேர் காலையும் மிதிச்சிட்டா? கொஞ்சம் பொறுத்துக்கோம்மா."

கடைசிவரை அந்த நடிகையின் முகத்தை நான் பார்க்கவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நாவலைத் திறந்தேன். அக்காவின் முகம் அப்படியே இருந்தது. அப்பாடா என்றிருந்தது. அடுத்த வரியில் அவள் தன் குதிரையிடம் பேசினாள். நடிகையின் குரலில் பேசினாள். தியேட்டரில் காதையும் மூடிக்கொள்ள எனக்குத் தோன்றவேயில்லை.

அக்காவைப் போலவே உரக்கப் படித்துப் பார்த்தேன்.

கதவு தட்டப்பட்டது. "அண்ணி, அந்தப் படத்து வசனத்தையா பேசிட்டிருக்கீங்க? அச்சு அசல் அந்த நடிகை குரலேதான்!"