ஸ்பேனருக்கு வந்த பதில்கள்

1

ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையின் கட்டைவிரலால் தம்பி போனில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான். தட்டைப் பார்த்துச் சாப்பிடு என்றேன். “ஒரு நிமிஷம்க்கா, உலகப்போர் நடக்குது” என்றான். எழுதி முடித்தான், கை கழுவினான், வேலைக்குப் போனான். அவன் லிஃப்ட் மெக்கானிக். அன்று பிற்பகல் ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழியில் விழுந்து இறந்தான்.

இந்தக் கதை அந்த ஒரு நிமிஷத்திலிருந்து வந்தது. வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன். ‘விண்வெளி என்பது…’ என்று ஒன்று. எனக்கே சகிக்கவில்லை.

2

போர் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ‘கடைசித் துறைமுகம்’ என்று ஒரு விண்கலத் தொடர் வந்தது. அந்தக் கப்பலில் மின்சாரம் எப்போதும் பற்றாக்குறை. இரண்டு பேர் சேர்ந்து சக்கரம் சுழற்றினால்தான் எந்தக் கதவும் திறக்கும். இப்போது அதைப் புதிதாக எடுத்திருந்தார்கள். முன்னோட்டத்தில் கதவுகள் தாமாகவே வழுக்கித் திறந்தன.

அவ்வளவுதான். ரசிகர் குழுவில் இழவு விழுந்தது. (முதல் வரைவில் இப்படித்தான் எழுதியிருந்தேன். இருக்கட்டும்.) வயிற்றில் அடித்துவிட்டார்கள் என்றார் ஒருவர். ஒருவர் அழுதபடி தன்னைப் படம்பிடித்துப் போட்டார். தம்பிக்கு அங்கே ஸ்பேனர் என்று பெயர். சோற்றுத் தட்டின் முன்னால் அவன் எழுதியது இது: “கதவு தானா திறந்தா திறக்கட்டுமே. உள்ள யார் இருக்காங்கன்னு பார்த்துட்டு அப்புறம் திட்டலாம்.”

அவன் விழுந்த இடத்திலும் ஒரு கதவு

[இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். இரண்டு கதவையும் பக்கத்தில் வைத்தால் கதை அழகாகிவிடும். அங்கே எதுவும் அழகாக இல்லை.]

3

ஆஸ்பத்திரியில் அவனுடைய செருப்பையும் போனையும் என் கையில் கொடுத்தார்கள். போன் நிற்காமல் அதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள், யாரோ அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் போல, எடுத்துப் பேசுங்கள் என்றார். எடுத்துப் பார்த்தேன்.

குழுவில், தொடர் எடுக்கும் கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டிருந்தார்கள். பதிலையே காணோமே, ஓடிவிட்டாயா என்றார்கள். நடுவில் ரேடாருடைய பதில் இருந்தது. ரேடார் எங்கோ தூரத்து ஊர்க்காரர். தம்பியும் அவரும் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் எத்தனையோ வருஷமாக ஞாயிற்றுக்கிழமை வந்தால் போனில் பேசிப் பேசி என் காதைத் தின்பார்கள். அவர் எல்லோரும் பார்க்க எழுதியிருந்தார்: “இனிமே உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. என்னைப் பொறுத்தவரைக்கும் நீ செத்துட்ட.”

[அனுப்பிய நேரத்தைப் பார்த்தேன். ஆமாம், அப்போது செத்திருந்தான்.]

இரண்டாம் வரைவில் ரேடாரை வில்லனாக்கினேன். தொந்தி வைத்தேன், எச்சில் தெறிக்கப் பேசவைத்தேன். பாத்திரம் நன்றாகவே வந்தது. அப்புறம் புதிய தொடர் வெளியானது.

4

தனிச் செய்தியில், ரேடார்:

“டேய் ஸ்பேனர். மூணாவது பகுதி பார்த்தேன். கரண்ட் போயிடுது, ரெண்டு பேர் சேர்ந்து கையால கதவைத் திறக்கறாங்க. அழுதுட்டேன்டா. நீ சொன்னதுதான் சரி. நான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்.”

மறுநாள்: “படிச்சிட்டன்னு காட்டுது. இவ்ளோ வீம்பு ஆகாதுடா.”

அதற்கும் மறுநாள்: “அக்கா நம்பர் மட்டும் என்கிட்ட இருந்திருந்தா, உன் காதைத் திருகச் சொல்லியிருப்பேன்.”

வரைவில் அவருடைய தொந்தியை அடித்துவிட்டேன்.*

* பிறகு எச்சிலையும்.

5

முடிவுகள்.

அ. உண்மையைச் சொல்கிறேன். அவர் குழுவில் மேலே நகர்த்தி, தான் எழுதியதையும் அதன் நேரத்தையும் பார்க்கிறார். வாழ்நாள் முழுக்கப் பார்க்கிறார்.

ஆ. தம்பியாக இருந்து “சரி விடுடா” என்று எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்கிறார். எந்தக் குரலில் எடுப்பேன்? எழுதியும் பார்த்தேன். அந்த இரண்டு சொல்லிலேயே தம்பி இல்லை.

இ. சும்மா இருக்கிறேன். அரை நாள்கூடக் கோபத்தைப் பிடித்துவைக்கத் தெரியாதவன், மன்னிக்கத் தெரியாதவனாக ஒருவருடைய மனதில் இருந்துவிடுகிறான்.

மூன்றையும் மாற்றி மாற்றி எழுதினேன். எதிலும் அவன் வீட்டுக்கு வரவில்லை.

6

பட்டப்பெயர்களையும் தொடரின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். கதவை மாற்ற முடியவில்லை. அதனால் இது அச்சானால் அந்தக் குழுவில் யாராவது கண்டுபிடிப்பார்கள், ரேடாரிடம் கொண்டுபோவார்கள். அவரிடம் சொல்லத் துணிவில்லாமல்தான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேனோ என்னவோ.

வாசகரே, அவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். காட்டுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காட்டாதீர்கள் என்றும் வரவில்லை. நீங்கள் எது செய்தாலும் அதுதான் இந்தக் கதையின் முடிவு. எனக்குத் தெரியவேண்டாம்.

இன்று ரேடார் ஒன்றும் அனுப்பவில்லை. அவருடைய கடைசி வரிக்குக் கீழே ஒரு வெற்றுக் கட்டம் இருக்கிறது. அதில் வெளிறிய எழுத்தில், ‘பதில் எழுதுங்கள்’ என்று இருக்கிறது.