வாசல் மணலில் வந்தவை

அந்த மணலை வாசலில் கொட்டியவன் நான்தான். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருக்கும் வீட்டுக்கு ஒரே கதவு. பின்னால் அடுத்த வீட்டுச் சுவர். கதவிலிருந்து தகரக் கேற் வரைக்கும் பத்து அடி வைக்கலாம், அதுதான் எங்கள் தோட்டம். ஒரு செவ்வரத்தை, ஒரு கறிவேப்பிலைக் கன்று, உடுப்புக் கழுவும் கல். மழை பெய்தால் பத்து அடியும் சேறு. மகள் மேனுகா ஆறாம் மாத வயிற்றோடு என்னிடம் வந்தபோது அந்தச் சேறுதான் என் கண்ணில் பட்டது. மருமகன் கஜீவன் கட்டாரில் இருக்கிறான். என்னை நம்பி விட்டுவிட்டுப் போயிருக்கிறான். இவள் வழுக்கி விழுந்தால் நான் என்ன பதில் சொல்வேன்?

பக்கத்து வீட்டு ஸாலிஹ் நானா கட்டட வேலை செய்யும் மேசன் பாஸ். ஒரு வேலையில் மிஞ்சிய ஆற்று மணலைத் தந்தார். பதினொரு சாக்கு. இருபத்து நான்கு வருடமாகப் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிக்கு அது ஒரு சுமையா? ஆனால் முதுகு இப்போது முன்போல இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. மட்டம் தட்டி முடித்ததும் மேனுகா படியில் நின்று பார்த்துச் சிரித்தாள்.

"கல்கிசை பீச் மாதிரி இருக்குப்பா. இனி கடலை விக்கலாம்."

மூன்றாவது வாரம் அவை வந்தன.

முதலில் ஒன்று. என் சுண்டுவிரல் நீளம். கறுத்த உடம்பு, செங்கல் நிறத்தில் கால்கள், இடுப்பு நூல் போல. பறந்து வந்து மணலில் இறங்கியது, முன்காலால் மண்ணைப் பறித்துப் பின்னால் எறிந்தது. எறியும்போது ஒரு இரைச்சல் போட்டது. அந்த இரைச்சலைக் கேட்டதும் என் கையில் இருந்த தேநீர் சிந்திவிட்டது. அந்தக் கிழமை முடிவதற்குள் வாசல் முழுக்க ஓட்டை. வெயில் ஏறினால் முப்பது, நாற்பது முழங்கால் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

குளவி என்றால் கொழும்பு ஆட்களுக்கு ஒரு பூச்சி. தேயிலை மலையில் பிறந்த எங்களுக்கு அது சாவு. அங்கே நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் ஒரு சட்டம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். குளவி கிளம்பினால் ஓடாதே, கத்தாதே. சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு குப்புறப் படு. அடங்கும்வரை அசையாதே. அப்படிப் படுத்தவர்கள் பிழைத்தார்கள். என் மனைவி இரத்தினம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இடத்தில் குளவி கொட்டிச் செத்தாள். அப்போது மேனுகாவுக்கு மூன்று வயது. "அப்பா எங்க இருந்தீங்க?" என்று பெரியவளானதும் ஒரு தடவை கேட்டாள். வேறு மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். ஊருக்கும் அதையே சொன்னேன்.

மதிலுக்கு மேலால் ஸாலிஹ் நானாவைக் கூப்பிட்டேன்.

"நானா, குளவி கூடு கட்டிருச்சு!"

எட்டிப் பார்த்தார். "இதா? இது மணல் குளவி அண்ணன். சைட்ல மணல் கொட்டுற எடமெல்லாம் ஈக்கும். ஒண்டும் செய்யாது."

"ஒண்ணும் செய்யாதா? அதோட இடுப்பப் பாத்தீங்களா?"

"இடுப்பப் பாக்க எனக்கு எங்க நேரம், லுத்பியா ஈக்கக்குள்ள."

"வாயப் பொத்திட்டு வேலைக்குப் போங்க!" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி லுத்பியாவின் சத்தம் வந்தது.

நானா சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். குந்தி இருந்து வெறுங்கையை ஓட்டைகளுக்கு நடுவில் வைத்தார். ஒன்று அவர் மணிக்கட்டை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் தன் ஓட்டைக்குள் போய்விட்டது. நான் கேற்றுக்கு வெளியே நின்றேன்.

"கூட்டமா ஈக்கிற மாதிரிதான் தெரியும். ஆனா ஒவ்வொண்டும் தனித்தனி. அவையவைக்கு ஒரு ஓட்டை, அவையவைட வேலை. புடிச்சு நசுக்கினாத்தான் குத்தும். இஞ்ச பாருங்க, உங்கட ஆக்கள்தான். மூட்ட தூக்குது."

பார்த்தேன். ஒரு குளவி தன்னைவிடப் பெரிய பச்சை வெட்டுக்கிளியை மீசையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது. ஓட்டை வாசலில் சுமையை வைத்தது. தான் மட்டும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. பிறகு சுமையை உள்ளே இழுத்தது. ஸ்டோருக்குள் மூட்டை இறக்குமுன் நாங்களும் அப்படித்தான் ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்ப்போம். அது எனக்கும் தெரிந்தது. தெரிந்தும் என் கால் கேற்றைத் தாண்டவில்லை.

அன்றிலிருந்து மேனுகா வாசலில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வேலைக்குப் போகும்போது சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரே ஓட்டமாகக் கேற்றுக்கு ஓடுவேன். ஒழுங்கையில் எதிர்வீடுகளில் இருக்கிறவர்களுக்கு நல்ல வேடிக்கை.

"என்ன அண்ணே, உங்க வீட்டுக்கு மட்டும் மழையா?" என்று கேட்பார்கள்.

செவ்வாய்க்கிழமை கிளினிக். நான் போக விடவில்லை.

"பத்து அடிப்பா," என்றாள் மேனுகா. "கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள போயிருவேன்."

"ஒங்கம்மாவுக்கு அஞ்சு நிமிசம் கூட ஆகல."

அவள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். கால் வீங்கியிருந்தது. அதையும் பார்த்தேன். உட்கார்ந்தே இருப்பதால் வீங்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மிட்வைஃப் நோனா குடையோடு தேடி வந்தார். கேற்றைத் திறந்து ஒரு கால் வைத்தவர், "அனே, தெபரு!" என்று கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தார். ஆளைக் கொல்லும் குளவிக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். படித்த மனுஷியே அப்படிச் சொன்ன பிறகு ஸாலிஹ் நானாவின் பேச்சு எனக்கு எதற்கு? ஆனால் நோனா போய்விடவில்லை. ரோட்டில் நின்றபடியே, கதவில் நின்ற மேனுகாவின் காலைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஐயா, கால் வீங்கி. பிரஷர் பாக்க வேணும். மண்டே கட்டாயம் கூட்டி வா. இல்லாட்டி பிள்ளைக்கும் டேஞ்சர், அம்மாவுக்கும் டேஞ்சர்."

அட்டையில் எழுதி, கேற்றுக்கு வெளியே நின்ற என்னிடம் நீட்டினார். திங்கட்கிழமை, காலை பதினொரு மணி. அந்த அட்டையை நான் இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். போகாவிட்டால் ஆபத்து. போக வேண்டுமென்றால் பத்து அடி. மூட்டைக்குக் கீழே குனிந்து நடக்கும்போதும் காதுக்குள் அந்த இரைச்சல். அவள் நடுவாசலில் நிற்பது போலவும், அவளைக் குளவிகள் கறுப்பாக மூடுவது போலவும் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வந்தது.

திங்கட்கிழமை பத்தரைக்குத் திரீவீல் சொல்லியிருந்தேன். அதற்கு முன் வாசலைத் துப்புரவாக்கிவிட வேண்டும். மலையில் கூடு கலைக்கப் புகை போடுவோம். தேங்காய் மட்டை, வேப்பிலை, அதற்கு மேல் ஈரச்சாக்கு. அதேபோல கேற்றுக்குப் பக்கத்தில் அடுக்கினேன்.

"எனக்குப் புகை ஒத்துக்காதுன்னு தெரியுந்தானே?" என்று ஜன்னலால் கேட்டாள் மேனுகா. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங். அதனால்தான் எங்கள் வீட்டில் விறகு எரிப்பதில்லை.

"உள்ளுக்கு வராது. ஜன்னலச் சாத்து. கதவுக்கு அடியில ஈரத்துணி வை. பத்தே நிமிசம்."

"ஸாலிஹ் மாமா வரட்டுமேப்பா."

"அவரு வேலைக்குப் போயிட்டாரு. சாத்து!"

மலையில் காலைப் புகை நேரே மேலே ஏறும். கொட்டாஞ்சேனையில் பத்து மணிக்குத் துறைமுகப் பக்கத்திலிருந்து காற்று எழும்பும். இருபத்து நான்கு வருடம் அந்தக் காற்றில்தான் வியர்வை ஆற்றியிருக்கிறேன். அன்றைக்கு அது என் புத்தியில் இல்லை. புகை எழுந்து ஒரு ஆள் உயரம் நின்றது. பிறகு அப்படியே சாய்ந்து கதவுக்கு மேலே இருந்த காற்றோட்டக் கல்லுக்குள் போகத் தொடங்கியது.

அதை நான் பார்க்கவில்லை. நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா ஓட்டைகளிலிருந்தும் அவை ஒன்றாக எழும்பின. அந்த இரைச்சல் எழும்பியது. என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. எப்படி விழுந்தேன் என்று தெரியாது. கேற்றுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தேன். தலைக்கு மேல் சாக்கு. வாயில் மண். அசையவில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் லுத்பியா கத்துவது கேட்டது.

"அண்ணன்! வீடு பூரா பொக! புள்ள உள்ளுக்கா? புள்ளைய வெளிய எடுங்க!"

கதவு திறந்தது. இருமல். மூச்சு இழுபடும் சத்தம், விசில் போல. பிறகு, "அப்பா."

நான் அசையவில்லை.

இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இரத்தினம்மா செத்த அன்றைக்கு நான் வேறு மலையில் இருக்கவில்லை. அவளுக்குத் தேநீர் கொண்டு போயிருந்தேன், கங்காணிக்குத் தெரியாமல். குளவி கிளம்பியதும் சட்டப்படி படுத்தேன். அவளிடம் தலைக்குப் போர்த்த ஒன்றும் இருக்கவில்லை, என்னிடம் இருந்த சாக்குக்கு அடியில் இரண்டு பேர் படுக்கலாம். "என்னாங்க," என்று கூப்பிட்டாள். "என்னாங்க, என்னாங்க." எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். அந்த மலையில் படுத்துக் கிடந்த எல்லோருக்கும் அது கேட்டது. யாரைக் கூப்பிடுகிறாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் என் பெயரைச் சொல்லியிருந்தால் என்னால் பொய் சொல்லியிருக்க முடியாது. நான் அடங்கும்வரை படுத்திருந்தேன்.

"அப்பா."

இந்தத் தடவை அது அப்பா. உலகத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு ஆள் இல்லை.

சாக்கு தலையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது. எழுந்தேன். புகைக்குள் அவள் நின்றாள். மணலின் நடுவில், ஒரு கை வயிற்றில், ஒரு கை நெஞ்சில். அவளைச் சுற்றி அவை பறந்தன. ஒன்று அவள் தோளில் உட்கார்ந்திருந்தது. நான் நடந்தேன். ஓடவில்லை, ஓடக் கால் வரவில்லை. கண்ணில் நீர், மூக்கில் நீர். என் காதில் ஒன்று மோதியது. இதோ, இதோ என்று காத்திருந்தேன். கழுத்தில் ஒன்று ஊர்ந்தது. இதோ. அது பறந்து போனது. அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் தோளில் இருந்தது தலையை ஆட்டிவிட்டு, புகை இல்லாத பக்கம் போய்த் தன் ஓட்டையைத் தேடத் தொடங்கியது.

ஒன்றும் கொட்டவில்லை. எங்கள் இரண்டு பேரையும் ஒன்றும் கொட்டவில்லை.

லுத்பியா ஒரு வாளித் தண்ணீரை மதிலுக்கு மேலாலேயே நெருப்பில் ஊற்றினாள். பாதி என் மேல் விழுந்தது. "உங்களுக்கு மூள ஈக்கா?" என்று கேட்டாள்.

திரீவீலில் மேனுகா வீசிங் பம்ப்பை இரண்டு தடவை இழுத்தாள். மூச்சு மெதுவாக இறங்கியது. ஜிந்துப்பிட்டிச் சந்தி தாண்டியதும் வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"கதவத் தொறந்ததும் ஒங்களத்தான் பார்த்தேன். ஏன் படுத்துக் கெடந்தீங்க?"

"குளவி வந்தா அப்படித்தான் படுக்கணும்."

"நான் கூப்பிட்டதும் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அம்மாவும் கூப்பிட்டாங்களா?"

திரீவீல்காரன் ரேடியோவைக் குறைத்தான். அவனுக்குத் தமிழ் தெரியுமோ என்னவோ.

"கூப்பிட்டா," என்றேன்.

"நீங்க வேற மலையில..."

"இல்ல. பக்கத்துலதான். இந்த வாசல் அளவு தூரம்."

கிளினிக்கில் பிரஷர் கூடியிருந்தது. ஒரு கிழமைக்கு முன்னாடியே வந்திருக்க வேணும் என்று டாக்டர் ஏசினார், என்னைப் பார்த்துத்தான். மாத்திரை தந்தார். இனிமேல் வாரம் இரண்டு தடவை வரச் சொன்னார். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு சரியாக இருக்கிறது என்றார். மேனுகா தலையாட்டினாள். திரும்பி வரும் வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கேற்றுக்கு முன்னால் இறங்கினோம். உள்ளே எரிந்த மட்டையும் கரியும் ஈரமாகக் கிடந்தன. அதைச் சுற்றி அவை மறுபடியும் மண் பறித்துக்கொண்டிருந்தன. ஒன்று வெட்டுக்கிளியை இழுத்து வந்து, தன் ஓட்டை இருந்த இடத்தில் கரி கிடப்பதைக் கண்டு, சுமையை வைத்துவிட்டு அங்குமிங்கும் நடந்தது. என் சாக்கு கேற்றடியில் கிடந்தது. என் கை தானாக அதை எடுக்கப் போனது.

மேனுகா அதைக் காலால் ஒதுக்கிவிட்டாள்.

"முன்னுக்குப் போங்கப்பா," என்றாள். "நான் பின்னால வாறேன்."

ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு நடந்தேன். ஆறாவது அடியில் ஒன்று என் புறங்காலில் வந்து உட்கார்ந்தது. நின்றேன். அது காலை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டது. பின்னால் அவள் மூச்சு கேட்டது. அவள் அவசரப்படுத்தவில்லை. அது எழும்பிப் போகும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றோம். இன்னும் நான்கு அடி இருந்தது.