பன்னிரண்டு மணி மடை

ஹெர்மினியா சல்சீதோ முப்பத்தொரு வருஷமாக வாய்க்காலில் மடை திறக்கிறவள். இம்பீரியல் பள்ளத்தாக்கில் எந்த வயலுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். பறவை விஷயத்தில்தான் அவள் பேச்சு எடுபடாது. ஐந்து வருஷத்துக்கு முன்னால், இந்தப் பக்கமே வராத வளைமூக்கு உள்ளான் வந்திருக்கிறது என்று ஊரைக் கூட்டினாள். நாலு மணி நேரம் கார் ஓட்டி வந்தவர்கள் பார்த்தது, வாய்க்கால் செம்மண் அப்பிய சாதாரண உள்ளானை. அன்றைக்கு ஒட்டிய 'சேற்றுக்காரி' என்ற பெயர் இன்னும் போகவில்லை.

போன வியாழக்கிழமை விடிகாலையில் அதே பறவையை நிஜமாகவே பார்த்தாள். சால்டன் கடலோரக் குட்டையில், உடம்பெல்லாம் செங்கல் நிறத்தில் நின்றது. வட்டாரப் பறவைப் பதிவேட்டை வைத்திருக்கும் ஹேவர்காம்ப், ஓய்வுபெற்ற பல் டாக்டர், கண்ணால் பார்க்காமல் எழுத மாட்டார். இன்று சனிக்கிழமை அவரை வரவழைத்திருந்தாள்.

பதினொரு மணிக்கு வெயில் நூற்றுப் பதினேழு டிகிரி. செத்த மீன் நாற்றம் தொண்டையில் ஒட்டியது. பறவை இருந்தது, எண்பது கஜம் தள்ளி, சேற்றில் மூக்கைச் செருகியபடி. டாக்டர் நெடுநேரம் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். செந்நெஞ்சு உள்ளான் என்றார். ஜூலையில் ஒன்றிரண்டு வருவதுதான், கானலில் நேர் மூக்குகூட வளைந்து தெரியும் என்றார்.

"பறந்தா தெரிஞ்சிடும்" என்றாள் ஹெர்மினியா. "என்னுதுக்கு வாலுக்கு மேல சுத்த வெள்ளை. நீங்க சொல்றதுக்குச் சாம்பல்."

அவள் கொழுந்தன் டெல்ஃபினோ ஒரு மண்கட்டியை எடுத்தான். பேரீச்ச மரம் ஏறுகிற கை, குறி தப்பாது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். விரட்டிப் பார்ப்பது பறவை பார்ப்பவர்களிடம் கேவலம். விரட்டியவர் பேச்சை ஏட்டில் ஏற்றவும் மாட்டார்கள்.

"பன்னெண்டு மணிக்கு இந்தக் குட்டைக்குத் தண்ணி முறை" என்றாள். "வந்தா அது நிக்கிற மேடு முழுகும். தானா எழும்பும்."

"இப்பவே தெறந்து விடுங்க அண்ணி. யாரு பாக்கப் போறா?"

"கீழ்மடையில ஒருத்தன் மாட்டுத் தீவனம் அல்ஃபால்ஃபாவுக்குப் பாய்ச்சிட்டிருக்கான். இங்க தெறந்தா அவனுக்குத் தண்ணி கொறஞ்சிடும்."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஐம்பது நிமிஷம்; அவருடைய பாட்டிலில் தண்ணீர் தீர்ந்திருந்தது. காரை நோக்கி நடந்தார். ஹெர்மினியா ஐஸ்பெட்டியிலிருந்து எலுமிச்சைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். கெஞ்சவில்லை. மறுபடி தப்பாகப் போனால் தன் தொலைநோக்கியை விற்றுவிடுவதாகவும், இனி அவரைக் கூப்பிடவே மாட்டேன் என்றும் சொன்னாள். அவர் தண்ணீரை வாங்கிக் குடித்தார். கார்க் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

டெல்ஃபினோ பீன்ஸ் வைத்துச் சுருட்டிய ரொட்டியை ஆளுக்கொன்று கொடுத்தான். அவள் பாதியைக் கையிலேயே வைத்திருந்தாள். கானல் ஆடும்போதெல்லாம் பறவை போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தாள்.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் கரைமேல் ஏறினாள். டாக்டரும் இறங்கி வந்து தொலைநோக்கிக்குப் பின்னால் நின்றார். மடைச் சக்கரம் அடுப்புக்கல்லாய்ச் சுட்டது. சட்டைக் கையை இழுத்துவிட்டுப் பிடித்தாள். மணி பன்னிரண்டு ஆனதும் சுற்றினாள். முதல் சுற்று, இரண்டு, ஏழு. பழுப்புத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு குட்டைக்குள் இறங்கியது.

மேட்டின் ஓரம் கரைந்தது. பறவை ஒரு காலைத் தூக்கியது, இன்னொன்றைத் தூக்கியது, பிறகு எழும்பியது. டாக்டர் பக்கமாகவே திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு தாழப் பறந்தது.

ஹெர்மினியா பறவையைப் பார்க்கவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாய் திறந்தபடியே இருந்தது.

"வெள்ளை" என்றார். தொலைநோக்கியை விட்டு நிமிர்ந்து, "சுத்த வெள்ளைங்க" என்றார்.

டெல்ஃபினோ தொப்பியை வானத்தில் எறிந்தான். மிச்ச ஐஸ் தண்ணீரை டாக்டரின் வழுக்கைத் தலையில் கவிழ்த்தான், அவர் தடுக்கவில்லை. நனைந்த கையோடு நோட்டை விரித்து, முதலில் பார்த்தவர் பெயர் என்ற இடத்தில் பேனாவை வைத்தார்.

"ஹெர்மினியா சல்சீதோ" என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார். "இன்னிக்குத் தேதிதானே?"

"வியாழக்கிழமை. காலையில ஆறு இருபது" என்றாள் கரைமேலிருந்து. "நான் பாத்த அன்னிக்குப் போடுங்க."

அவர் அப்படியே எழுதும்வரை பார்த்திருந்தாள். பிறகு குட்டையில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க அளவுகோலை இறக்கினாள்.