சொல்லாத வேண்டுதல்

சமையலறைத் தரையெல்லாம் ரத்தத் திட்டுகள். அடுப்பிலிருந்து அலமாரி வரை, அலமாரியிலிருந்து குழாயடி வரை, திரும்பவும் அடுப்பு வரை. வேலை முடிந்து வந்த டெஸா கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா! என்னாச்சு?"

வெர்னா மாவுக் கிண்ணத்தோடு திரும்பினாள். அன்று புதன்கிழமை. ஜெபக் கூட்டத்துக்குச் சோள ரொட்டி கொண்டுபோவது அவள் முறை.

"என்ன ஆகணும்? எதுக்கு இந்தக் கத்து கத்துற?"

"கீழ பாரு."

வெர்னா முதலில் மகளுடைய காலைத்தான் பார்த்தாள். பிறகு தன் காலை. வலது காலுறை அடியில் நனைந்து கறுத்துப் போயிருந்தது. மத்தியானம் ஒரு ஜாம் பாட்டில் கை நழுவி உடைந்தது. கூட்டித் தள்ளிவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தாள்.

டெஸா அவளை நாற்காலியில் உட்கார வைத்துக் காலுறையை உருவினாள். குதிகாலில் நகத்தளவு கண்ணாடிச் சில்லு ஆழமாக இறங்கியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினாள். பல்லைக் கடித்தது மகள்தான். தாய் மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"வலிக்கலையா?"

"அப்படியொண்ணும் இல்ல."

டெஸா மேசையிலிருந்த முள்கரண்டியை எடுத்தாள். அம்மாவின் பாதத்தில் அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள்.

"பீன்ஸுக்கு உப்பு போட்டேனான்னு பாருடி" என்றாள் வெர்னா.

அடக் கடவுளே! டெஸா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எவ்ளோ நாளா இப்படி?"

"ரெண்டு வருஷம் இருக்கும். முதல்ல விரல். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா." மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"சர்க்கரைம்மா இது. சலவைக்குத் துணி எடுக்க ஆஸ்பத்திரி வார்டுக்குப் போறப்ப நான் பாக்கறேன். சர்க்கரை வந்தவங்கள்ல பாதிப் பேருக்குக் காலே இல்ல. நீ டாக்டர்கிட்ட சொன்னியா?"

"போன மாசம்தான் போயிட்டு வந்தேன்."

"சொன்னியா?"

வெர்னா மறுபடி மாவைக் கலக்க ஆரம்பித்தாள். வருஷா வருஷம் அவள் க்ளினிக்குக்குப் போவாள். எப்படி இருக்கீங்க என்று டாக்டரம்மா கேட்பாள். எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன் என்பாள். ரத்தம் எடுக்கலாம் என்றால் ஊசி என்றாலே மயக்கம் வரும் என்று சிரித்து மழுப்பிவிடுவாள். ஏழைகளுக்கும் வைத்தியச் செலவு கிடைக்க அரசாங்கம் புதுச் சட்டம் கொண்டுவந்த பிறகு கிடைத்த காப்பீட்டு அட்டை கைப்பையில் புத்தம் புதிதாக இருக்கிறது. அதைக் காட்டித்தான் உள்ளே போவாள். அட்டை இருந்தும் வியாதியைச் சொல்வதில்லை. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. அவள் புருஷன் ஆர்வில் லாரி ஓட்டியவன். ஒரு தடவை சளிக்குப் போன இடத்தில், படியேறினால் நெஞ்சை அடைக்கிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். டாக்டர் எழுதிக்கொண்டார். அதன்பின் அவன் காப்பீடு எடுத்தான்; நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்யவேண்டிய சமயம் வந்தபோது காப்பீட்டுக் கம்பெனி அந்த ஒரு வரியைத் தோண்டி எடுத்தது. நோயை மறைத்துவிட்டாய் என்று காப்பீட்டையே ரத்து செய்தது. அதோ அந்த ஜன்னலோர நாற்காலியில்தான் செத்தான். எல்லாம் பழைய சட்டக் காலத்தில்.

"அந்தக் காலம் போயிடுச்சும்மா. இப்ப பழைய வியாதியப் பத்திக் கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

"வெள்ளிக்கிழமை வாஷிங்டன்ல ஓட்டெடுப்பாம். அந்தச் சட்டத்தையே தூக்கப் போறாங்களாம். தூக்கிட்டா மறுபடி கேப்பாங்க, என்னென்ன இருந்துச்சுன்னு. என் பேர்ல ஒண்ணும் இருக்கக் கூடாது."

"கால் போனா?"

"கால் போனா போகட்டும். வியாதிக்காரின்னு எழுதிட்டா எல்லாமே போயிடும்." வெர்னா எழுந்து மாவைத் தட்டில் ஊற்றினாள்.

வாசலில் ஹாரன் அடித்தது. கொழுந்தன் கார்லண்ட் வந்துவிட்டான். அண்ணன் செத்த நாளிலிருந்து அண்ணி வீட்டுக்கு விறகு பிளந்து போடுவதும் கோயிலுக்குக் கூட்டிப்போவதும் அவன்தான். தங்கமான மனுஷன். அவன் வண்டியின் பின்கண்ணாடியில் 'புதுச் சட்டத்தை ரத்து செய்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கும்.

மூன்று படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது அவனுக்கு. இடது கையை உதறிக்கொண்டே உள்ளே வந்தான்.

"இன்னுமா கிளம்பல அண்ணி? பீன்ஸ் வாசம் ரோடு வரைக்கும் வருது."

"கையில என்ன?"

"மரத்துப் போச்சு. ராத்திரி கோணலாப் படுத்துட்டேன் போல." சொல்லிவிட்டுச் சிரித்தான். "வெள்ளிக்கிழமை தெரியுமில்ல? ஒழிஞ்சுது அந்தச் சட்டம்."

"உன் பாக்கெட்லயும் அதே அட்டைதான சித்தப்பா இருக்கு?" என்றாள் டெஸா.

"சும்மா குடுத்தாங்க, வாங்கிப் போட்டேன். நமக்கு எதுக்குடி அது? நம்ம சனத்த நாமளே பாத்துக்குவோம்."

"அப்பாவ நல்லாத்தான் பாத்துக்கிட்டோம்."

கார்லண்டின் முகம் சிவந்தது. "வாயைப் பாரு அண்ணி இவளுக்கு!" என்று மட்டும் சொன்னான்.

தரையைத் துடைத்து, காலில் கட்டுப்போட்டு, ரொட்டி வேகும்வரை காத்திருந்து கிளம்பியதில் நேரமாகிவிட்டது. வெர்னா எப்போதும் முன்வரிசை. அன்று கடைசி வரிசையில்தான் இடம். கார்லண்ட் மட்டும் விடுவிடுவென்று போய் சபைப் பொறுப்பாளர்களான டீக்கன்மார் பெஞ்சில் உட்கார்ந்தான்.

பாட்டு முடிந்ததும் போதகர் ஹோபர்ட் வழக்கம்போலக் கேட்டார். "சொல்லாத வேண்டுதல் யார் யாருக்கு இருக்கு?"

அந்த மலைப்பக்கத்துக் கோயில்களில் அப்படியொரு வழக்கம். கஷ்டம் என்னவென்று வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். கண்ணை மூடிக் கையைத் தூக்கினால் போதும், எல்லோரும் சேர்ந்து ஜெபிப்பார்கள். மானம் கெடாமல் ஆறுதல் கிடைக்கும். வெர்னா இரண்டு வருஷமாகக் கை தூக்குகிறாள்.

அன்றும் தூக்கினாள். ஆனால் கடைசி வரிசை புதுசு, கண் மூடவில்லை. முன்னால் பார்த்தாள். கை, கை, கை. கோயிலில் பாதிக்குமேல் தூக்கிய கைகள். பியானோ வாசிக்கும் சகோதரி மாடி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், புதிதாகக் கல்யாணமான பெண். கார்லண்டும் தூக்கியிருந்தான், வலது கையை. இடது கை மடியில் துணிபோலக் கிடந்தது.

ஆர்வில் கடைசி மாசங்களில் கையை அப்படித்தான் போட்டிருந்தான்.

வெர்னா தன் கையை இறக்கினாள். எழுந்தாள்.

"என் கால் மரத்துப் போச்சு" என்றாள். குரலில் அழுகையோ கோபமோ எதுவும் இல்லை. "இன்னிக்குக் கண்ணாடி ஏறுச்சு, எனக்குத் தெரியல. சர்க்கரையா இருக்கும்னு என் மக சொல்றா."

 பியானோக்கார மாடி கண்ணைத் திறந்து திரும்பினாள். க்ளினிக்கில் பெயர் பதிகிறவள் அவள்தான்.

"சகோதரி வெர்னா" என்றார் போதகர் மெதுவாக. "நீங்க சொல்லணும்னு அவசியமில்ல. ஆண்டவருக்குத் தெரியும்."

"ஆண்டவருக்குத் தெரியும் பாஸ்டர். டாக்டருக்குத்தான் தெரியாது."

உட்கார்ந்தாள். டெஸா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி மட்டும் வெர்னாவுக்கு நன்றாகத் தெரிந்தது.

"காலையில போயிடலாம்" என்றாள் மகளிடம். "சட்டம் இருக்கறப்பவே, வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியே எழுதட்டும். கார்லண்டையும் கூப்பிடு. வரலேன்னா இழுத்துட்டு வா."

போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாதவர், தெரிந்ததையே செய்தார்.

"வேற யாருக்காவது... சொல்லாத வேண்டுதல்?"

 ஒவ்வொரு கையாக மேலே போனது. முதலில் போனது கார்லண்டின் வலது கை. என்ன வேண்டுதல் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது அங்கே வழக்கமில்லை.