உதடு மூடும் வார்த்தை

டப்பிங் கூடத்தில் அவளை எல்லோரும் 'பதினாறு' என்றுதான் கூப்பிடுவார்கள். வயதென்னவோ ஐம்பத்தொன்று. முழங்கால் படியேற அடம்பிடிக்கும். ஆனால் மைக் முன்னால் வாயைத் திறந்தால் போதும், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி துள்ளிக்கொண்டு வெளியே வருவாள். முப்பது வருஷமாக வேற்றுமொழித் தொடர்களின் இளவட்டப் பெண்களெல்லாம் அவள் தொண்டையை வைத்துத்தான் தமிழ் பேசினார்கள்.

அந்தப் பிழைப்புக்குத்தான் இப்போது வேட்டு வைத்தார் புது டைரக்டர். இருபத்தாறு வயது. சொல்லச் சங்கடப்பட்டு, கையைப் பிசைந்து, கடைசியில் சொல்லியே விட்டார்.

"அக்கா, குரல் பதினாறுதான். பேச்சு ஐம்பது. 'ரொம்ப நல்லா இருக்குடி'ன்னு நீங்க இழுக்கறப்ப எங்கம்மா ஞாபகம் வருது. நாளைக்கு முதல் எபிசோடு எடுத்துப் பார்ப்போம். ஒட்டலைன்னா வேற ஆளைத்தான் போடணும்."

பள்ளிக்கூடப் பெண்களின் ஓட்டப்பந்தயக் கதை அது. பன்னிரண்டு எபிசோடு, கதாநாயகி வேஷம். இதை விட்டால் அடுத்து அம்மா வேஷம், அப்புறம் மாமியார் வேஷம்.

அன்று மாலை, 'அது என்ன பேச்சு' என்று தினமும் யாரைத் திட்டுவாளோ அந்த மகளிடமே நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தாள். மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம்.

"நல்லா இல்லைன்னா 'மொக்கை'ன்னுதானே சொல்லுவீங்க?" என்றாள் அம்மா.

"அது பழசும்மா. இப்ப கிரிஞ்சு."

"அதுக்குள்ளயா? வார்த்தைக்குக்கூட நரை விழுமா?"

"நோட்டுல எழுதாதம்மா. எழுதினா வராது. நாளைக்கு நானும் வர்றேன்."

மறுநாள் காலை மகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், டைரக்டருக்கும் ரெக்கார்டிஸ்டுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். அம்மா மைக் முன்னால் நின்று 'வேற லெவல்' என்றாள். விண்ணப்பப் படிவத்தை வாசித்த மாதிரி இருந்தது. நாலாவது டேக்கில் மகளுக்குப் பொறுக்கவில்லை. பேசும் பொத்தானை அமுக்கி, "அம்மா, அப்படி இல்ல. வேற லெவல்" என்று சொல்லிக் காட்டினாள்.

டைரக்டர் சட்டென்று திரும்பினார். குரல் அச்சு அசல் அதே குரல், பேச்சு மட்டும் இந்த வருஷத்துப் பேச்சு.

"இவங்களையே போட்டுடலாமே" என்றார்.

வேஷம் கைநழுவியது அம்மாவுக்குப் புரிந்தது. கூடவே ஒரு பெருமையும் எட்டிப் பார்த்தது. அதற்கு வேறு நேரமே கிடைக்கவில்லை போலும். மகளை மைக் முன்னால் நிறுத்தி, ஹெட்போனைக் கழற்றி அவள் தலையில் தானே மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் அருகே போய் உட்கார்ந்தாள்.

மகள் பொரிந்து தள்ளினாள். பத்து வசனம் ஒரே மூச்சில் போயிற்று. ரெக்கார்டிஸ்ட் கட்டைவிரலை உயர்த்தினார். அப்புறம்தான் அந்தக் குளோசப் வந்தது. தோழி பந்தயத்தில் ஜெயித்துவிட்டு ஓடி வருகிறாள். திரை முழுக்கக் கதாநாயகியின் முகம். அவள் உதடு லேசாகத் திறந்து, ஒரே ஒரு தடவை மூடி, அகலமாக விரிந்து, பல் தெரிய நீண்டு நிற்கிறது.

'வேற லெவல்' என்றால் உதடு எங்கேயும் மூடவில்லை. 'மாஸ்' என்றால் எடுத்த எடுப்பிலேயே மூடிக்கொண்டது. 'செம' சரியாகத்தான் மூடியது, ஆனால் வார்த்தை தீர்ந்த பிறகும் திரையில் வாய் ஆடிக்கொண்டிருந்தது. 'செமயா இருக்கு' என்று நீட்டிப் பார்த்தார்கள். குழம்பு ருசி பார்த்த மாதிரி இருந்தது. பதினோரு டேக் ஆயிற்று. டைரக்டர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக உதடு எண்ணிய கண். மனதுக்குத் தெரியும் முன்பே வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கல்லூரி நாளில் அவள் கூட்டத்தில் யார் எதைச் சாதித்தாலும் முதுகில் ஓங்கித் தட்டிச் சொல்லும் வார்த்தை. அதற்கப்புறம் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமலே விட்டுப்போனது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இந்த ஒரு இடத்தில் மகள் தடுக்கினால் வேஷம் திரும்ப இவளுக்கே வந்துவிடும். அது தெரிந்தும் விரல் பொத்தானை அமுக்கிவிட்டது.

"'ஜமாய்ச்சுட்டே'ன்னு சொல்லிப் பாருடி."

மகள் சொன்னாள். உதடு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. குரல்தான் இரவல் சட்டை போட்டமாதிரி தொளதொளவென்று நின்றது. இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றினாள்.

"சார், இது அம்மாவோட வார்த்தை. அவங்களே சொல்லட்டும்."

"இப்பல்லாம் யாருங்க இப்படிப் பேசறா?"

"வாய்க்கு ஒட்டுதுல்ல சார்? ஒரு தடவை கேளுங்க."

அம்மா மைக்குக்குப் போனாள். திரையில் தோழி ஓடி வந்தாள். முப்பது வருஷமாக யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அவள் முதுகில் தட்டுவதுபோல் சொன்னாள்: "ஜமாய்ச்சுட்டே."

ரெக்கார்டிஸ்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். டைரக்டர் அதை நாலு தடவை போட்டுக் கேட்டார். ஐந்தாவது தடவை, போடாமலேயே, ரெக்கார்டிஸ்ட் தோளைத் தட்டித் தானே சொல்லிப் பார்த்தார். 'பேச்சை நான் சொல்லிக் கொடுக்கறேன்' என்று மகள் சொல்ல, வேஷம் அம்மாவுக்கே நிலைத்தது. பன்னிரண்டு எபிசோடிலும் மகள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனத்தையும் முதலில் பேசிக் காட்டுவாள், அம்மா அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்வாள்.

தொடர் வெளியாகி இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு காலையில் பஸ்ஸில், முன் சீட்டில் சீருடை போட்ட இரண்டு பெண்கள். ஒருத்தி விடைத்தாளை நீட்ட, இன்னொருத்தி அவள் முதுகில் அடித்து, "ஜமாய்ச்சுட்டேடி" என்றாள்.

அவர்களுக்குப் பின் சீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் தெரியாதவள் மாதிரி முன்னால் சாய்ந்து, வீட்டில் பேசும் தணிந்த குரலில் கேட்டாள்.

"அது என்ன வார்த்தைம்மா?"

அந்தப் பெண் அவள் நரையைப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினாள். "'சூப்பரா பண்ணிட்டே'ன்னு அர்த்தம் ஆன்ட்டி. இப்பதான் புதுசா வந்திருக்கு. உங்க காலத்துல இருந்திருக்காது."

"எனக்கு வருமா?"

"கஷ்டம்தான். சும்மா சொல்லிப் பாருங்க."

அம்மா அந்தப் பதினாறை வெளியே விட்டாள்.

பிள்ளைகள் இரண்டும் துள்ளி எழுந்து, அவளைத் தாண்டி, பஸ்ஸின் கடைசி சீட்டு வரை, தொடரில் கேட்ட அந்தக் குரலைக் கண்ணால் தேடின.