வாயில்லாத போன்

அந்த வீட்டில் சார்ஜர் கேபிள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். வீட்டுக்காரனுக்குச் சோறு போடுவதே போனின் அடியில் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டைதான். போன் தயாரிக்கிற கம்பெனியில் சார்ஜ் ஏற்றும் ஓட்டை எவ்வளவு அகலம், எத்தனை தடவை சொருகினால் தளரும், தண்ணீர் போனால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவன் பொறுப்பு. ஆபீஸில் அவனுக்கு 'ஓட்டை சார்' என்றே பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவனும் திரும்பிப் பார்ப்பான்.

அப்படிப்பட்டவன் ஆபீஸிலிருந்து கேபிள் கொண்டுவராமல் இருப்பானா? கொண்டுவந்துகொண்டேதான் இருந்தான். கொண்டுவந்தது கொஞ்ச நாளில் காணாமல் போகும். கேட்டால் மனைவி, "அதுவா? கழுத்துகிட்ட பிஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்பாள். அவன் நம்பினான். கேபிள் கழுத்தில்தான் பிய்யும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? தெரிந்ததனால்தான் ஏமாந்தான்.

மனைவி பல் டாக்டர். கல்யாணமான புதிதிலிருந்தே அவளை அவன் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவான். அந்தப் புதிதில் ஒருநாள் அவனுடைய போன் சார்ஜ் ஏறவில்லை. ஐயா கேபிளை மாற்றினார், பிளக்கை மாற்றினார், கடைசியில் போர்டே போய்விட்டது என்று தீர்ப்பும் எழுதிவிட்டார். அவள் போனை வாங்கி மேஜை விளக்குக்குக் கீழே கவிழ்த்துப் பிடித்தாள்.

"ஆ காட்டு" என்றாள் போனிடம்.

பிறகு கிளினிக்கில் தேய்ந்துபோன ஒரு கொக்கி ஊசியைக் கொண்டுவந்து, அந்த ஓட்டைக்குள்ளிருந்து சட்டைப்பை நூலும் தூசுமாக ஓர் உருண்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "நீயெல்லாம் என்னப்பா இன்ஜினியர்? இத்தன நாளா பல்லே விளக்கல." அவனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதன் பிறகு அது வழக்கமாயிற்று. விடுமுறைக் காலைகளில் அவன் போனை நீட்டுவான், அவள் "ஆ காட்டு" என்பாள், சில சமயம் போனும் அவனும் சேர்ந்தே வாயைத் திறப்பார்கள்.

"நான் ஓட்டைய செய்யறவன், நீ ஓட்டைய அடைக்கறவ. நம்ம ரெண்டு பேருக்கும் எப்படித்தான் பொருத்தம் பாத்தாங்களோ" என்பான்.

"அடைக்கறது பெரிய விஷயமில்ல. அடைக்கறதுக்கு முன்னாடி சுத்தமா எடுக்கணும். உள்ள அழுக்க வெச்சு மேல பூசினா, வெளியில பளபளன்னு இருக்கும், உள்ள சீழ் பிடிச்சிக்கிட்டே போகும்" என்பாள் அவள், தொழில் பக்தியோடு.

அப்புறம் அவள் கர்ப்பமானாள். இரண்டு பேரும் போய் ஒரு மரத் தொட்டில் வாங்கி வந்தார்கள். பாகம் பாகமாகப் பெட்டியில் வந்ததை அவளே உட்கார்ந்து திருகித் திருகிப் பூட்டினாள். அவனை ஒரு திருகாணிகூடத் தொடவிடவில்லை. குழந்தை பிறந்தது. அழவில்லை. பெண் குழந்தை. அழாமலே போய்விட்டது.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் அவன் தொட்டிலைப் பிரித்து அப்புறப்படுத்தி, அறையைக் கழுவித் துடைத்து, ஜன்னலுக்குப் புதுத்திரை போட்டிருந்தான். அவள் கண்ணில் எதுவும் பட்டுவிடக் கூடாது என்பதுதான் எண்ணம். நல்ல எண்ணம்தான். அவள் வாசற்படியில் நின்றபடி அந்தச் சுத்தமான அறையைப் பார்த்தாள்.

"தொட்டில் எங்க?"

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"யாருக்கோ. விடு டாக்டர், அதப் பத்திப் பேசி என்ன ஆகப்போகுது?"

பேசவில்லை. அன்றைக்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரே ஒரு மாற்றம்தான் நடந்தது. அதுவரை வாய்க்கு வாய் 'நீ', 'வாப்பா', 'போப்பா' என்றிருந்தவள், 'வாங்க', 'சாப்பிடுங்க' என்று ஆரம்பித்தாள். சண்டை இல்லை, கோபம் இல்லை. மரியாதைதான் கூடிப்போனது. கட்டிய மனைவி திடீரென்று மரியாதை கொடுத்தால் எந்தப் புருஷனும் உஷாராக வேண்டும். இவன், அவள் மெல்லத் தேறி வருகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் கேபிள்கள் காணாமல் போகத் தொடங்கின.

மாலையில் அவன் முன்னறை மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்து உட்காருவான். அவள் படுக்கையறையில் இருப்பாள், இருந்த ஒற்றைக் கேபிளும் அவள் பக்கத்தில் இருக்கும். அவனுடைய போன் சாகப் போகிற நேரத்தில் அவன் எழுந்து போவான்.

"சார்ஜர் எங்க?"

"இங்கதான். எனக்கு இன்னும் கொஞ்சம் ஏறணும். உக்காருங்க."

அவன் கட்டில் ஓரத்தில், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன்போல உட்காருவான். அவள் அன்றைக்கு வந்த நோயாளி யாரையாவது பற்றிச் சொல்லுவாள். ஊசியைப் பார்த்ததும் நாற்காலியோடு எழுந்து ஓடப் பார்த்த போலீஸ்காரர், கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியதும் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போன பாட்டுக்காரி. அவன் 'ம்' கொட்டுவான், கண் சுவரில் இருக்கும். அவளுடையது ஏறினதும் கேபிளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். அந்த வீட்டில் அவர்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான். அவனுக்கோ அது தினசரித் தொல்லை.

அந்தச் சமயத்தில் கம்பெனியில் பெரிய விவாதம் வந்தது. இனி வரும் போன்களில் ஓட்டையே வேண்டுமா? தட்டுமேல் வைத்தால் தானாக ஏறிக்கொள்ளும்படி, நாலு பக்கமும் மூடிய போனைச் செய்துவிட்டால் என்ன? பழுதுபார்க்கும் பிரிவின் தலைவி ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஸ்கிரீன் செத்துப்போன போன்லேந்து படங்கள எடுத்துக் குடுக்கறதே அந்த வழியாத்தான். அதையும் மூடிட்டா நாங்க எப்படி உள்ள போறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். கூட்டம் அவள் பக்கம் சாய்ந்தது.

ஓட்டை சார் எழுந்தான்.

"எங்க வீட்டையே எடுத்துக்குங்க. நானே ஆபீஸ்லேந்து நல்ல கேபிளா பாத்துக் கொண்டுபோறேன். ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது. தினம் ஒரே கேபிளுக்கு நானும் என் வீட்டுக்காரியும் மல்லுக்கட்டறோம். ஓட்டையிலயே பிறந்து வளர்ந்த எனக்கே இந்தக் கதின்னா, வாங்கறவங்களுக்கு?"

எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிவாயிற்று. தன் தொழிலைத் தானே மூடிக்கொண்டவன் என்று முதுகில் தட்டினார்கள். அவனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

போன் தயாரானதும் முதல் இரண்டை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தான், ஆளுக்கொன்று. கூடவே ஆளுக்கொரு தட்டு. தன் பழைய போனை ஆபீஸிலேயே கழித்துப் போட்டுவிட்டான். அவளுடைய தட்டைக் கட்டில் பக்கத்திலும் தன்னுடையதை முன்னறை மேஜையிலும் வைத்து, "இனிமே சண்டையே இல்ல டாக்டர். நீ உன் இடத்துல, நான் என் இடத்துல" என்றான்.

அவள் போனைக் கையில் வாங்கி மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அடிப்பக்கத்தை விரலால் தடவினாள்.

"இதுக்கு வாயே இல்லியே."

"அடைச்சிட்டோம்!"

"சுத்தம் பண்ணிட்டு அடைச்சீங்களா?"

அவன் பெரிதாகச் சிரித்தான். பழைய வேடிக்கை திரும்பி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டான். அவள் சிரித்தாளா என்று பார்க்கவில்லை.

அதன் பிறகு வீடு அமைதியாகிவிட்டது. அவன் எழுந்து போக வேண்டிய தேவை இல்லை. 'உக்காருங்க' என்று சொல்ல அவளுக்கு ஆள் இல்லை. ஒரு நாள் அவன் ஆபீஸிலிருந்து வந்தபோது அவள் துணிமணிகளோடு தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். புதுப் போன் அவளுடைய தட்டின்மேலேயே இருந்தது, ஒரு நாளும் பயன்படுத்தாமல், முழுசாகச் சார்ஜ் ஏறி. அவளுடைய பழைய போனிலிருந்து அவனுக்கு ஒரு செய்தி வந்திருந்தது: "இனிமே அங்க எனக்கு ஒண்ணும் இல்ல. தேடாதீங்க."

சண்டை போட்டிருந்தால் சமாதானம் பேசலாம். இதற்கு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. சில நாள் ஆபீஸுக்குப் போய் வந்துகொண்டிருந்தான். பிறகு போர்வை தேடி அவளுடைய அலமாரியைத் திறந்தபோது, அடித்தட்டில், துண்டுகளுக்குக் கீழே, அவன் கொண்டுவந்த கேபிள்கள் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றையும் அழகாகச் சுற்றி, பல்லிடுக்கைச் சுத்தம் செய்கிற மெழுகு நூலால் கட்டியிருந்தாள். நடுவில் அந்தத் தேய்ந்த கொக்கி ஊசியும் இருந்தது.

மறுநாள் ஆபீஸில் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதனை எந்திரத்தில் மாட்டினான். ஒரு கேபிளின் கழுத்தும் பிய்ந்திருக்கவில்லை. எல்லாவற்றிலும் பச்சை விளக்கு எரிந்தது. அவன் அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். எந்தக் கேபிள்கள் நிற்பதில்லை என்று கூட்டத்தில் சொல்லிச் சிரிக்கவைத்தானோ, அவையெல்லாம் அவனைத் தன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரவைக்க ஒருத்தி ஒளித்துவைத்தவை.

வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அவளுடைய அக்கா வீட்டுக்குக் கிளம்பினான். கதவைத் திறந்த அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "வாங்க. வழி தெரிஞ்சுதா?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். டாக்டர் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவன் கேபிள்களை நீட்டினான்.

"இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"தெரியும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? என் பக்கத்துல வந்து உக்காருங்கன்னா? நான் தினமும் அதத்தானே சொன்னேன்."

இத்தனை நாள் அழுத்தி வைத்திருந்தது தானாக வெளியே வந்தது.

"தொட்டில யாருக்கும் குடுக்கல."

அவள் நிமிர்ந்தாள்.

"பிரிச்சேன். வெளிய வெக்க மனசு வரல. ஆபீஸ்ல என் மேஜைக்கு அடியில பெட்டியில வெச்சிருக்கேன். கால் அதுமேல பட்டுக்கிட்டே இருக்கும். யாராவது கேட்டா பழைய பார்ட்ஸ்னு சொல்லுவேன்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். முகம் கோணியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளில்கூட அவன் முன்னால் அழாதவள், சின்னப் பிள்ளைபோல வாயைத் திறந்து அழுதாள்.

"ஏன்ப்பா நீ அன்னைக்கே சொல்லல? சொல்லியிருந்தா நானும் வந்து அது பக்கத்துல உக்காந்து அழுதிருப்பேனே."

'நீ' என்றாள். அவனுக்குக் கேட்டது. அந்த ஒரு எழுத்துக்காக எத்தனையோ நாள் பட்டினி கிடந்தவன்போல அவன் ஓர் அடி முன்னால் வைத்தான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நிதானமாக, கண், கன்னம், கழுத்து என்று துடைத்தாள். துடைத்து முடித்தபோது அழுகை நின்றிருந்தது.

"ரொம்ப நாளாயிடுச்சு. எனக்கு இனிமே உள்ள ஒண்ணும் வலிக்கல. வலி போயிட்டா பல்லு செத்துப்போச்சுன்னு அர்த்தம்" என்றாள். பிறகு, "மழை வர மாதிரி இருக்கு. கிளம்புங்க" என்றாள்.

அவளிடம் இருந்தது பழைய போன் என்பதால் கேபிள்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். மற்றவற்றை அவன் வீட்டுக்குக் கொண்டுபோனான். நூல்கட்டைப் பிரித்து ஒன்றைச் சுவர் பிளக்கில் மாட்டி, மறுமுனையைக் கையில் பிடித்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அதைச் சொருக அந்த வீட்டில் எதுவும் இல்லை.